போதையின் குணமா, ஆளின் குணமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் 24 வயது மகன் இரண்டு வருடமாக ஐஸ் (மெத் எனப்படும் மெத்தாம்ஃபெட்டமின் போதை) எடுக்கிறான். மறுவாழ்வு மையத்தில் சேர்த்த மூன்றாம் நாளே ‘ஆன்டிசோஷியல் பர்சனாலிட்டி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இனி திருந்தவே மாட்டானா? – ஒரு தாய், மதுரை

அந்தச் சீட்டை ஓரமாக வையுங்கள். அதில் இருப்பது ஓர் ஆளுமைக் கோளாறின் பெயர்: அடுத்தவர் உரிமையை மதிக்காமல், வருத்தமும் இல்லாமல் நடப்பதே சுபாவமாகிப் போவது. மூன்றாம் நாளில் அப்படி யாராலும் சொல்ல முடியாது. மெத் எடுப்பவர் பொய் சொல்வார், திருடுவார், பெற்ற தாயையே சந்தேகப்படுவார், கை ஓங்குவார். போதையும் தூக்கமில்லாத இரவுகளும் சேர்ந்து செய்கிற வேலை அது. நிறுத்தியதும் ஒரு வாரம், பத்து நாள் அடித்துப் போட்டாற்போல் தூங்குவார். எரிச்சலும் சோர்வும் அதற்கு மேலும் நீளலாம். இதெல்லாம் வடிந்த பிறகுதான் அவருடைய சுபாவம் தெரியும்.

பெற்றோர் வந்தால் நான் முதலில் விசாரிப்பது, எட்டாம் வகுப்பில் அந்தப் பையன் எப்படி இருந்தான் என்பதை. மட்டம் போட்டுவிட்டு எங்கே போவான்? சின்னப் பிள்ளைகளை அடிப்பானா? நாய், பூனையை வதைப்பானா? 15 வயதுக்கு முன்பே இந்த மாதிரி நடத்தைக் கோளாறு இருந்தால்தான், 18க்கு மேல் அந்தப் பெயரை வைக்கவே இடம் உண்டு. பத்தாம் வகுப்பு வரை பாட்டிக்கு இவன்தான் வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பான் என்று கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மையத்தின் சீட்டைவிட அந்த ஒரு வரி எனக்கு அதிகம் சொல்கிறது.

இந்த முத்திரை விஷயத்தில் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. ஒருமுறை ஃபைலில் ஏறிவிட்டால், அடுத்து பார்க்கிற டாக்டர் ‘இவன் இப்படித்தான்’ என்று தள்ளிவிடுகிறார். மனசு சரியில்லை என்று அந்தப் பையன் சொன்னால் நடிப்பு என்கிறார்கள். ஐஸை விட்ட முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம். அதை நடிப்பு என்று விட்டால் உயிர் போய்விடும். அப்படி ஏதாவது பேசினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 14416இல் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். இன்னொன்று, அந்த மையத்தில் சங்கிலி போட்டால் ஒரு நிமிடம்கூட விட்டுவைக்காதீர்கள். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அது குற்றம்.

ஆளுமைக் கோளாறு இருந்தாலே போதையில் விழுவார்களா? – திருச்சி

இல்லை. ஆன்டிசோஷியல், பார்டர்லைன் (உணர்ச்சியும் உறவுகளும் நிலையில்லாமல் அலைபாயும் ஆளுமைக் கோளாறு) இரண்டிலும் ஆபத்து கூடுதல், அவ்வளவுதான். 1990இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், ஆன்டிசோஷியல் உள்ளவர்களில் ஐந்தில் நாலு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது குடியோ போதையோ இருந்தது. அதைத் தலைகீழாகப் போட்டு, போதையில் இருப்பவரெல்லாம் ஆன்டிசோஷியல் என்று படிக்காதீர்கள்.

தம்பி ஏதோ மாத்திரை போடுகிறான். அதை நிறுத்த என்ன மருந்து தரலாம்?

என்ன மாத்திரை, எத்தனை நாளாக, தம்பிக்கு என்ன வயது, ஒன்றும் எழுதவில்லை. இதற்கு எப்படிப் பதில் சொல்வது? டேபென்டடால் என்றால் அது வலி மாத்திரை, ஓபியாய்டு வகை. ஐஸ், கொக்கைன் மாதிரி உடம்பை முடுக்கிவிடும் ஊக்கப் போதையே இல்லை, சிகிச்சையும் வேறு. அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதுங்கள். ஐஸ், கொக்கைன் இரண்டுக்கும் அடிமைத்தனத்தை நிறுத்தவென்று ஒப்புதல் பெற்ற மருந்து இன்றுவரை கிடையாது. பேச்சு சிகிச்சையும், சிறுநீர்ச் சோதனை சுத்தமாக வந்தால் சின்ன வெகுமதி தருகிற முறையும்தான் கைகொடுக்கின்றன.

மகளுக்கு பார்டர்லைன். கொக்கைனும் எடுக்கிறாள். ‘முதலில் போதையை விடட்டும், அப்புறம் தெரபி’ என்கிறார் டாக்டர். – கோவை

வேறு டாக்டரைப் பாருங்கள். தாங்க முடியாத வெறுமையை அடக்கத்தான் பல பேர் இதை எடுக்கிறார்கள். அதைக் கவனிக்காமல் எப்படி விடுவாள்? இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய டிபிடி என்ற பேச்சு சிகிச்சையை, போதைப் பழக்கமும் உள்ள பார்டர்லைன் பெண்களிடமே சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். மறுபடியும் சொல்கிறேன்: போதை எடுத்துக்கொண்டிருந்தபோது வைத்த பெயர் என்றால், விட்ட பிறகு மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள்.

ஏடிஎச்டிக்கு (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு) மெத்தில்ஃபெனிடேட் என்ற ஊக்க மருந்து தருகிறார்கள். பையன் அடிமையாகிவிடுவானா?

டாக்டர் சொன்ன அளவில் விழுங்கினால் அந்தப் பயம் வேண்டாம். அட்டை உங்கள் அலமாரியில் இருக்கட்டும், அவன் ஸ்கூல் பையில் வேண்டாம்.