ஆறு வற்றினால் காய்ச்சல் வருமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மழை, ஆறு, மலேரியா பற்றியவை. போன இதழில் வரட்சியைப் பற்றி எழுதும்போது 1934ஆம் ஆண்டு மலேரியாவை ஒரு வரியில் தொட்டிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டு பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதற்கே இடம் தருகிறேன்.

கேள்வி: 1934, 35இல் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு காய்ச்சல், தண்ணீர் ஊற்றிக் கொடுக்கக்கூட ஆளில்லை, அந்த வருடம் மகா ஓயா வற்றிக் கிடந்தது என்று அம்மம்மா தன் தாய் சொன்னதாகச் சொல்வார். ஆறு வற்றினால் நுளம்பு குறையத்தானே வேண்டும்? மழைக்குத்தானே மலேரியா வரும்?
– ஒரு வாசகி, கேகாலை

பதில்: அம்மம்மா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை அம்மா. 1934இல் தென்மேல் பருவ மழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் வருடம் முழுக்க ஓடுகிற ஆறுகள். அந்த வருடம் அவற்றில் ஓட்டம் நின்று, மணலிலும் பாறை இடுக்குகளிலும் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. தெளிந்த தண்ணீர், நல்ல வெயில், அசைவு இல்லை. நம் நாட்டில் மலேரியாவைப் பரப்பிய முக்கிய நுளம்பு அனோபிலிஸ் குலிசிபேசிஸ், அது முட்டையிடத் தேடி அலைகிற இடம் அச்சொட்டாக இதுதான். ஆறு நிறைய ஓடும்போது அதற்கு அங்கே இடமில்லை. இந்த வகை நுளம்பின் குடம்பி, அதாவது தண்ணீரில் வாழும் புழுப் பருவம், தண்ணீரின் மேல்மட்டத்தில் கிடையாகப் படுத்து மூச்சு விடுவது, கொஞ்சம் வேகமாக ஓடினாலே அடித்துக்கொண்டு போய்விடும். ஓட்டம் நின்றதும் ஒரே ஆற்றில் ஆயிரக்கணக்கான தொட்டில்கள் கிடைத்துவிட்டன.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. குலிசிபேசிஸ் மனிதரைவிட மாட்டைத்தான் அதிகம் விரும்பிக் கடிக்கும். அதனால் கொஞ்ச நுளம்பு இருந்தால் பெரிய ஆபத்து இல்லை, நோய் ஓரிடத்தில் எரிந்து அணைந்துவிடும். ஆனால் அவை கோடிக்கணக்கில் பெருகிவிட்டால், மாட்டைக் கடித்தது போக மீதி மனிதரைக் கடிப்பதே ஒரு ஊரைப் படுக்க வைக்கப் போதும். 1934இல் நடந்தது அதுதான். ஒக்டோபர் கடைசியில் தொடங்கிய காய்ச்சல் டிசம்பர், ஜனவரியில் உச்சத்துக்குப் போனது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள்தான் அதிகம் அடிபட்டன. அப்போது நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 55 இலட்சம். அதில் 15 இலட்சம் பேரளவில் நோயில் விழுந்தார்கள், 80,000 பேரளவில் இறந்தார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தத் தொகையை வாசித்துவிட்டுச் சும்மா கடந்து போக என்னால் முடியவில்லை, உங்கள் ஊரின் பழைய குடும்பங்களில் அந்த வருடம் ஒரு குழந்தையையாவது இழக்காத குடும்பம் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

கேள்வி: கேகாலைக் கதை இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் மாரி மழை பெய்து ஓய்ந்த பிறகுதான் மலேரியா வரும், கோடையில் வராது என்று அப்பா சொல்வார். வன்னியில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அப்படியானால் மழை நல்லதா கெட்டதா? நேரடியாகச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், வவுனியா

பதில்: இடத்தைப் பொறுத்தது என்பதுதான் நேரடியான பதில், நழுவுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் பக்கம் உலர் வலயம். அங்கே வருடத்தில் பல மாதம் ஆறும் வாய்க்காலும் காய்ந்து வெடித்துக் கிடக்கும், நுளம்புக்குக் குட்டைகூட இருக்காது. மாரி மழை வந்தால்தான் தண்ணீர் தேங்கும். கேகாலை போன்ற ஈர வலயத்திலோ எப்போதும் ஓடுகிற தண்ணீர் நின்றால்தான் தேங்கும். ஆக இரண்டு பக்கமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எவ்வளவு நாள் அசையாமல் நிற்கிறது? நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற பருவத்துக்கு வர நம் வெப்பத்தில் பத்து நாள் அளவில் ஆகும். அந்தப் பத்து நாளுக்குள் குட்டை காய்ந்துபோனாலோ அடுத்த மழை வந்து அடித்துக்கொண்டு போனாலோ கதை முடிந்தது.

அப்பா "மழை ஓய்ந்த பிறகு" என்று சொன்னாரே, அது மிகச் சரியான கவனிப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். குட்டையில் நுளம்பு வளரப் பத்து நாள். அது நோயாளியைக் கடித்த பிறகு கிருமி அதன் உடம்புக்குள் முற்றி அடுத்தவருக்குத் தொற்றத் தயாராக இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள், குளிரான இடமாக இருந்தால் இதைவிட அதிகம், ரொம்பக் குளிர்ந்தால் முற்றவே முற்றாது, நுவரெலியாப் பக்கம் மலேரியாவுக்குப் பேர்போகாததற்கு அதுவும் ஒரு காரணம். கடிபட்டவருக்குக் காய்ச்சல் காட்ட மேலும் ஒரு கிழமை, இரண்டு கிழமை. கூட்டினால் மழைக்கும் காய்ச்சலுக்கும் இடையில் எப்படியும் ஒரு மாதத்துக்கு மேல் வந்துவிடும், பெரும் எண்ணிக்கையில் பரவ இரண்டு மாதம் பிடிக்கும். ஒக்டோபர், நவம்பரில் பெய்த மழைக்கு ஜனவரியில் ஆஸ்பத்திரி நிரம்பியது இதனால்தான்.

இந்த இடைவெளி ஒரு வரப்பிரசாதம். மழையளவைப் பார்த்தே மலேரியா வருமா என்று முன்கூட்டிச் சொல்லலாம் அல்லவா? ஆபிரிக்காவில் போட்ஸ்வானா போன்ற வரண்ட நாடுகளில் பருவ மழை முன்னறிவிப்பை வைத்து, நோய் உச்சத்துக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே எச்சரிக்கும் முறையை உருவாக்கினார்கள். சஹாராப் பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியில் மழை மாதங்கள் சில மட்டும் என்பதால், அந்த மாதங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு தடவை தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள், உலக சுகாதார நிறுவனம் 2012இல் பரிந்துரைத்த முறை அது.

கேள்வி: பெரு வெள்ளம் வந்தால் குடம்பி எல்லாம் அடித்துப் போகும் என்றால் வெள்ளம் நல்லதுதானே?
– ஒரு வாசகர், மட்டக்களப்பு

பதில்: முதல் சில நாளுக்கு மட்டும். 2022இல் பாகிஸ்தானில் என்ன நடந்தது என்று பாருங்கள். சிந்து மாகாணத்தில் வெள்ளம் வடியவே மாதக்கணக்கானது, வயல், தெரு எல்லாம் தேங்கிய தண்ணீர். வீடிழந்த சனம் கூடாரத்திலும் வீதியோரத்திலும் வலை இல்லாமல் படுத்தது. 2021இல் 5 இலட்சமளவில் இருந்த மலேரியா நோயாளர் தொகை 2022இல் 26 இலட்சமளவுக்குப் போனதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. வெள்ள நிவாரணத்தில் அரிசி, பருப்போடு நுளம்பு வலையும் போக வேண்டும் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

கேள்வி: உயர்தரத்தில் புவியியல் படிக்கிறேன். அமேசன் காட்டில் எப்போதும் மழை, எப்போதும் தண்ணீர். அப்படியானால் வருடம் முழுக்க ஒரே அளவில் மலேரியா இருக்க வேண்டுமே?
– ஒரு மாணவர், கொழும்பு

பதில்: நல்ல கேள்வி தம்பி. அங்கே மழையைவிட ஆற்றின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். பிரேசிலில் மனௌஸ் நகரத் துறைமுகத்தில் ரியோ நீக்ரோ ஆற்றின் மட்டத்தை 1902 முதல் அளந்து வருகிறார்கள். ஒரே வருடத்துக்குள் ஆறு ஏறத்தாழ 10 மீற்றர் ஏறி இறங்கும், மூன்று மாடி உயரம்! ஜூன் அளவில் உச்சம், ஒக்டோபர், நவம்பரில் அடிமட்டம். 2021இல் 30 மீற்றரைத் தாண்டியது, 2024 வரட்சியில் 13 மீற்றருக்கும் கீழே போனது.

அங்கே நோயைப் பரப்புவது அனோபிலிஸ் டார்லிங்கி. நம் குலிசிபேசிஸ் வெயிலைத் தேடும் என்றேனே, இது கொஞ்சம் நிழலும், கரையோரத்தில் செத்தையும் சருகும் ஒதுங்கிய அமைதியான தண்ணீரும் தேடும். ஆறு ஏறிக் காட்டுக்குள் பரவும்போது அப்படிப்பட்ட ஓரங்கள் உண்டாகும், முழு வெள்ளத்தில் அழியும், இறங்கும்போது குளங்குட்டைகளாகப் பிரிந்து திரும்ப உண்டாகும். பல இடங்களில் ஆறு இறங்கத் தொடங்கிய பிறகுதான் நோய் கூடுகிறது. ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டியிருக்கின்றன: சதுப்பு நிலமும் பெரிய ஆறும் நிறைந்த மாவட்டங்களில் மழை கூடினால் மலேரியா குறைகிறது, மேட்டு நில மாவட்டங்களில் மழை கூடினால் மலேரியாவும் கூடுகிறது. வவுனியா, கேகாலை வித்தியாசத்தை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள், பரீட்சையில் எழுதலாம். அதோடு தங்கம் தோண்டிய குழிகள், காடு வெட்டிப் போட்ட பாதையோரப் பள்ளங்கள் எல்லாம் மனிதன் வெட்டிக் கொடுத்த குட்டைகள். மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

கேள்வி: மகாவலித் திட்டத்தில் காணி கிடைத்து 80களில் இங்கே வந்தோம். வந்த புதிதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மாறி மாறி மலேரியா. அணை கட்டியதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகர், வெலிக்கந்தை

பதில்: உண்டு ஐயா. அணை என்றால் மேலே தேங்கும் பெரிய நீர்த்தேக்கம்தான் நம் கண்ணுக்குத் தெரியும், நுளம்புக்கு அதைவிட வசதியானது அணைக்குக் கீழே உள்ள ஆறு. 1976இல் பொல்கொல்லையில் மகாவலித் தண்ணீரைத் திருப்பினார்கள், 80களில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல எல்லாம் வந்தன. தண்ணீரை மேலே மறித்தால் கீழே ஆறு குட்டைகளாகப் போகிறது, அதாவது 1934இல் வானம் செய்ததை நாமே மதகை மூடிச் செய்கிறோம். அதற்கு மேல் புதுக் குடியேற்றம், பாதி கட்டிய வீடுகள், மலேரியாவே இல்லாத ஊர்களிலிருந்து எதிர்ப்புச் சக்தி இல்லாமல் வந்த குடும்பங்கள். 1986, 87இல் குடியேற்றப் பகுதிகளில் நோய் கடுமையாக இருந்தது, நீங்கள் அனுபவித்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

பரிகாரமும் மதகிலேயே இருக்கிறது. 90களில் ஹுருலுவெவ பக்கத்தில் யான் ஓயாவில் ஆய்வு செய்தார்கள். வரண்ட மாதங்களில் ஓடையின் மட்டம் ஓரளவுக்குக் கீழே இறங்காமல் மேலேயிருந்து தண்ணீர் விட்டு வந்தால் குட்டைகள் உண்டாகாது, குடம்பியும் பெருகாது, மருந்தடிப்பதோடு ஒப்பிட்டால் செலவும் பெரிதில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது. நீர்ப்பாசனப் பொறியியலாளரும் சுகாதார அதிகாரியும் ஒரே மேசையில் இருந்து பேச வேண்டிய விஷயம் இது. நம் நாட்டில் அது இன்றைக்கும் அரிது, எனக்கு இதில் கோபமே உண்டு.

கேள்வி: ஆற்றில் குட்டை உண்டானதற்கே 80,000 பேர் சாவார்களா? நம்ப முடியவில்லை.
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: நீங்கள் நம்பாதது நியாயம். குட்டை நோயைக் கொடுத்தது, சாவுக்குப் பசியும் துணை போனது. அது உலகப் பொருளாதார மந்த காலம், தேங்காய், இறப்பர் விலை விழுந்து கூலிக்காரரிடம் காசில்லை. அதே வரட்சியில் நெல்லும் போய்விட்டது. 1929க்குப் பிறகு சில வருடம் நல்ல மழை பெய்து ஆறுகள் நிறைய ஓடியதால் ஈர வலயத்தில் பெரிய மலேரியா வரவில்லை, அந்த வருடங்களில் பிறந்த பிள்ளைகளின் உடம்புக்கு நோய் புதிது. பசித்த உடம்பு, பழகாத உடம்பு, இரண்டும் ஒன்றாக அகப்பட்டன. இறந்தவர்களில் குழந்தைகளே அதிகம்.

பஞ்சாபிலும் இதே கதைதான், மழை மட்டும் தலைகீழ். அங்கே 1908இல் பெருமழையும் வெள்ளமும் வந்து, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை 3 இலட்சம் பேரளவில் இறந்தார்கள். அதை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ் என்ற வைத்தியர் 1911இல் கொடுத்த அறிக்கையில் மழையளவோடு தானிய விலையையும் வைத்துக் காட்டினார். மழை கூடி, தானிய விலையும் ஏறியிருந்த காலங்களில்தான் மலேரியா கொள்ளைநோயாக மாறியது. அதனால் யாராவது மழைக் கணக்கை மட்டும் காட்டி மலேரியாவை விளக்கினால், அந்த வருடம் அரிசி என்ன விலை என்றும் கேளுங்கள்.

கேள்வி: நம் நாட்டில்தான் மலேரியா இல்லையே. இதெல்லாம் இப்போது எதற்கு?
– ஒரு வாசகர், மன்னார்

பதில்: நாட்டுக்குள்ளேயே தொடர்ந்து பரவி வந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில், மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் 2016 செப்டெம்பரில். பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆனால் 1963இலும் இப்படித்தான் இருந்தது, அந்த வருடம் நாடு முழுக்க 17 நோயாளிகள் மட்டும். கண்காணிப்பைத் தளர்த்தினார்கள், 1968, 69இல் 5 இலட்சத்துக்கு மேல் போனது.

கிருமிதான் போயிருக்கிறது, நுளம்பு போகவில்லை. ஆறு வற்றும் வருடத்தில் குலிசிபேசிஸ் இன்றைக்கும் பெருகும். உங்கள் மன்னாரிலேயே 2016 கடைசியில் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற இந்திய நகரத்து வகையைக் கண்டுபிடித்தார்கள். சென்னையில் மலேரியாவைப் பரப்புவது அதுதான், கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் வளரும், அதற்கு ஆறும் வேண்டாம் மழையும் வேண்டாம். கிணற்றுக்கும் தொட்டிக்கும் மூடி போடுங்கள், வலையென்றாலும் சரி.

அப்புறம், இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ வேலைக்கும் யாத்திரைக்கும் போகிறவர்கள் போவதற்கு முன்பே மலேரியா தடை இயக்கத்தில் விசாரித்துத் தடுப்பு மருந்து எடுங்கள். திரும்பி வந்து காய்ச்சல் கண்டால், மாதக்கணக்கு ஆகியிருந்தாலும் பரவாயில்லை, வைவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து பிந்தியும் எழும்பும், எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதை வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள். இப்போது இளம் வைத்தியர்கள் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணால் கண்டதே இல்லை, டெங்கு என்றுதான் முதலில் நினைப்பார்கள்.