மகனைவிட நான்கு வயது மூத்த அம்மா

அன்புள்ள ஐயா,

'ஸ்கார்ஃபேஸ்' (1983) படத்தில் அல் பசீனோவின் அம்மாவாக வரும் மிரியம் கொலோனைப் பற்றித் தேடிப் படித்தேன். சினிமா, மேடை, நாடகக் குழு என்று சிதறாமல் நடிப்பிலேயே நின்றிருந்தால் பெரிய நட்சத்திரமாகியிருப்பார் அல்லவா? எனக்கு நடிகர் தேர்வில் உதவியாளர் வேலை வந்திருக்கிறது. போனால் என் நடிப்பு கெட்டுவிடுமா? அவருடைய எந்தப் படத்தை முதலில் பார்க்கலாம்?

ம., மதுரை

அன்புள்ள ம.,

சிதறினாராம்! நட்சத்திரப் பேச்சை விடுங்கள், அது எனக்கு அலுத்துவிட்டது.

அந்தப் படத்தையே மறுபடி பாருங்கள். மகன் நீட்டும் ஆயிரம் டாலரை வாங்க மறுத்து, அவனை வீட்டைவிட்டே துரத்துகிறார் அம்மா. கொலோன் பசீனோவைவிட நான்கே வயது மூத்தவர். கதை கியூபாக்காரர்களுடையது, நாயகனும் தங்கையும் இத்தாலிய வம்சாவளி நடிகர்கள். (நண்பனாக வருபவர் கியூபாவில் பிறந்தவர், அதையும் சொல்லிவிட வேண்டும்.) ஸ்பானிஷ் பேசும் புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்து, நியூயார்க்கின் பேர்பெற்ற நடிப்புப் பட்டறையான ஆக்டர்ஸ் ஸ்டுடியோவில் இடம்பிடித்த முதல் புவேர்ட்டோ ரிக்கோ நடிகைக்கு மிஞ்சியது அம்மா வேடம். திறமைக்கு இதில் என்ன வேலை? யார் யாராக வரவேண்டும் என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள்.

ஒரு நடிகர் தேர்வில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் வசனத்தின் பாதியில் இருந்தாள். தேர்வாளர் பட்டியலில் அடுத்த பெயருக்கு நேராகப் பேனாவை வைத்துக்கொண்டு தேநீர் எங்கே என்று விசாரித்தார். அவள் கடைசி வரிவரை பேசிவிட்டு வணங்கிப் போனாள். எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

கொலோன் அந்த மேசையைத் தனக்கென்று போட்டுக்கொண்டார். 1967இல் நியூயார்க்கில் புவேர்ட்டோ ரிக்கன் டிராவலிங் தியேட்டரைத் தொடங்கினார். அந்நகரின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் டிக்கெட் வாங்க வழியில்லாதவர்களின் தெருவுக்கும் பூங்காவுக்கும் நாடகம் இலவசமாகப் போனது. பிறகு 47ஆம் தெருவில் ஒரு பழைய தீயணைப்பு நிலையத்தை அரங்காக்கினார்கள். ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் நாடகம் போட்டார்கள். வேலைக்காரி வேடத்துக்கு மட்டும் அழைக்கப்பட்டவர்களுக்கு அங்கே முழு வேடம் கிடைத்தது. இதைப் போய்ச் சிதறல் என்கிறீர்களே, அம்மா!

உங்கள் வேலையா? போங்கள். ஆனால் வருகிறவர்களைக் கடைசி வரிவரை பேச விடுங்கள்.

படம் கேட்டீர்கள். 'பிளெஸ் மீ, அல்டிமா' பாருங்கள். அதில் அல்டிமாவே அவர்தான். தலைப்பில் இருக்கும் பாத்திரம் அவருக்கு வந்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது.