மேடையில் பேச பயமாக இருக்கிறது, தன்னம்பிக்கையை எப்படி வளர்த்துக்கொள்வது?

எட்டாம் வகுப்புப் பேச்சுப்போட்டியில் "நடுவர் அவர்களே" என்று தொடங்கியவன், மூன்றாவது பத்தியில் ஒரு வரி மறந்துபோய் அப்படியே நின்றுவிட்டேன். அதற்கு அடுத்த வரி தெரியும், ஆனால் விட்டுப்போன வரியைப் பிடிக்காமல் அங்கே போக முடியவில்லை. அதன்பிறகு பதினைந்து வருடம் மைக் பக்கமே போகவில்லை.

அதனால் முதலில் சொல்வது, மனப்பாடத்தை விடுங்கள். பள்ளியில் ஆசிரியர் எழுதித் தருவார், நாம் ஒப்பிப்போம், அதையே பேச்சு என்று நினைத்து வளர்ந்துவிட்டோம். இப்போது நான் முதல் இரண்டு வரியையும் முடிக்கும் வரியையும் மட்டும்தான் மனதில் வைத்துக்கொள்கிறேன், நடுவில் சொல்ல வேண்டியவை ஒரு துண்டுச்சீட்டில் மூன்று நான்கு சொற்களாக இருக்கும். வீட்டில் பேசிப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு வார்த்தைகளில் சொல்லிப் பாருங்கள். மறப்பதற்கு வரியே இல்லை என்றால் பாதி பயம் போய்விடும்.

அப்புறம், நெஞ்சு படபடப்பதும் வாய் வறண்டு போவதும் பதற்றத்தில் உடலில் சுரக்கும் அட்ரினலின் செய்யும் வேலை, உங்களுக்குத் திறமை இல்லை என்பதற்கான அடையாளம் இல்லை. மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள், கொஞ்சம் அடங்கும். இன்னொன்று, உள்ளே நடக்கும் நடுக்கம் எதிரே இருப்பவர்களுக்கு நாம் நினைக்கும் அளவுக்குத் தெரிவதே இல்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நடுக்கம் வெளியே அவ்வளவாகத் தெரியாது என்பதைப் பேச்சுக்கு முன்பே தெரிந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். நான் நம்பியது என் வீடியோவைப் பார்த்த பிறகுதான், கை அவ்வளவு நடுங்குகிறது என்று நினைத்த இடத்தில் திரையில் ஒன்றுமே தெரியவில்லை.

எனக்குப் பெரிதும் உதவியது டோஸ்ட்மாஸ்டர்ஸ். மேடைப்பேச்சைப் பழகுவதற்காக 1924-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு, தமிழிலேயே நடக்கும் கிளப்புகளும் உண்டு. அங்கே நேராகப் பேச்சில் போய்க் குதிக்க வேண்டியதில்லை. முதல் வாரம் நேரம் பார்க்கும் வேலையை வாங்கிக்கொண்டேன், பேசுபவருக்கு நேரம் எவ்வளவு ஆயிற்று என்று பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் காட்டிவிட்டுக் கடைசியில் யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று எழுந்து சொன்னால் போதும். அடுத்து, பேசுபவர்கள் எத்தனை முறை "ஆ", "வந்து" என்று இழுக்கிறார்கள் என எண்ணும் வேலை. அதன்பிறகு, அங்கேயே தலைப்பு கொடுத்து இரண்டு நிமிடம் பேசச் சொல்லும் டேபிள் டாபிக்ஸ். இத்தனைக்கும் பிறகுதான் என்னைப் பற்றி நானே பேசும் ஆறு நிமிட முதல் பேச்சு, அதற்குள் அந்த அறையில் இருந்த எல்லோரும் எனக்குத் தெரிந்த முகங்கள்.

பக்கத்தில் கிளப் இல்லையா, பரவாயில்லை. அலுவலகத்திலோ குடியிருப்பிலோ அடுத்து ஒரு விழா வந்தால் நன்றியுரையை நான் சொல்கிறேன் என்று இப்போதே சொல்லி வையுங்கள். இரண்டு நிமிடம்தான், பெயர்களைச் சீட்டைப் பார்த்துப் படித்தாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.