குருவி போன வீடு

அன்புள்ள அக்கா,

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீடு. பத்து வருடம் கொழும்பில் வேலை பார்த்துவிட்டுப் போன தை மாதம் திரும்பி வந்தேன். சின்ன வயதில் விறாந்தை முழுக்கச் சிட்டுக்குருவி. சாமிப்படத்துக்குப் பின்னால்கூடக் கூடு கட்டும். இப்போது ஒன்றையும் காணவில்லை. காகமும் மைனாவும்தான் கூடியிருக்கின்றன. தெருமுனையில் நிற்கிற கைத்தொலைபேசிக் கோபுரத்தின் கதிர்வீச்சுத்தான் காரணம் என்கிறார்கள். உண்மையா? அப்பா வீட்டைத் திருத்தி, சீலிங் அடித்து, முற்றம் முழுக்கக் கல் பதித்து அழகாக்கியிருக்கிறார். அந்த முற்றத்தில் குருவிகளுக்குத் தீவனம் வைக்க ஆசை. என்ன வாங்கலாம்? இன்னொன்று: விடியப்புறம் ஒரு பறவை இரண்டு சுரத்தில் விசிலடிக்கிறது. முந்தி கேட்டதே இல்லை. புதுப் பறவையா?

– ஒரு வாசகர், உவர்மலை

அன்புள்ள தம்பி,

விசிலை முதலில் முடித்துவிடுகிறேன். அது ஆறுமணிக்குருவி. விடியும்போதும் பொழுதுபடும்போதும் கூப்பிடுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு ஐப்பசி வாக்கில் இங்கே வரும், சித்திரையில் திரும்பிவிடும். இரவில் பறந்து வருகிற குருவி. களைத்துப்போய் எங்கள் விறாந்தையில் விழுந்து கிடந்ததை இரண்டு தரம் எடுத்து, பெட்டிக்குள் இருட்டில் வைத்துத் தேற்றி விட்டிருக்கிறேன். உங்கள் சின்ன வயதிலும் அது வந்தது, கூப்பிட்டது. நீங்கள் நித்திரையாக இருந்தீர்கள். ‘முந்தி இல்லை’ என்று எழுத முன் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டிருக்கலாம்.

கோபுரத்தையும் விடுங்கள். பிரிட்டனில் சிட்டுக்குருவிகள் 1970களிலேயே குறையத் தொடங்கிவிட்டன. அங்கே கைத்தொலைபேசிச் சேவை வந்தது 1985இல். நம்முடைய சந்தைப் பக்கம் போய் அரிசிக் கடைகளின் தகரக் கூரையைப் பாருங்கள், குருவிகள் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும். காகமும் மைனாவும் ஏன் கூடின என்றால், ஒழுங்கை முனையில் வீசிக் கிடக்கிற சாப்பாட்டுப் பொதிகளை எண்ணிப் பாருங்கள், போதும்.

எனக்குச் சுட்டது வேறு வரி. சீலிங் அடித்து, முற்றத்துக்குக் கல் பதித்து ‘அழகாக்கியிருக்கிறார்’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரி. குருவி எங்கே போனது என்று கேட்கிற கடிதத்திலேயே பதிலையும் எழுதிவிட்டு, பழியைத் தெருமுனையில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள், ஒன்று சொல்ல வேண்டும். சில நாட்களாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

1990 ஆனியில் யுத்தம் மறுபடி மூண்டபோது, நிலாவெளிக்கு அப்பால் இருந்த எங்கள் ஊர் ஒரே இரவில் காலியானது. பன்னிரண்டு வருடம் கழித்து, 2002இல் போர்நிறுத்தம் வந்த பிறகுதான் நானும் அம்மாவும் வளவைப் பார்க்கப் போனோம். கூரை இல்லை. குசினிக்குள் ஒரு வேம்பு சுவருக்கு மேலே வளர்ந்து நின்றது. பறவைக்கு ஒரு குறையும் இல்லை. கிணற்றடியில் செண்பகம், பற்றைக்குள் புலுனிக் கூட்டம், விறாந்தை இருந்த இடத்தில் காட்டுக்கோழி கிளறிக்கொண்டிருந்தது. எங்கேயோ மயில் அகவியது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா ஒன்றையும் பார்க்கவில்லை. “ஒரு ஊர்க்குருவிகூட இல்லையே பிள்ளை” என்றார்.

எனக்கு அப்போது விளங்கவில்லை. சிட்டுக்குருவி காட்டுக்குருவி அல்ல. சனம் விட்டுப்போன ஊரில் அதுவும் தங்காது. சமைத்து, புடைத்து, சிந்தி, கூட்டுகிற மனிதர் அதற்கு வேண்டும்.

அப்புறம் தகரக் கொட்டில் போட்டு ஆறேழு குடும்பங்கள் அங்கே இருக்கத் தொடங்கினோம். அடுப்பு மூட்டிய மூன்றாம் நாளே காகம் வந்துவிட்டது. குருவி வரவில்லை. ஒரு மாரி போனது. அடுத்த போகம் நெல் வெட்டி, அவித்து, பாயில் காயப்போட்ட அன்று, தொண்டையில் கறுப்புத் திட்டோடு ஒரு ஆண் குருவி வந்து பாயின் ஓரத்தில் இருந்தது. அம்மா சுளகைப் பிடித்த கை பிடித்தபடி அசையாமல் நின்றார். “சனம் வந்திட்டுது எண்டு இதுக்கும் தெரிஞ்சிட்டுது” என்றார். அதுவரை அம்மா அந்த வளவில் விருந்தாளிபோலத்தான் இருந்தார். அன்றைக்குப் பின்னேரம் போய் முருங்கைத் தடி வெட்டி வந்து வேலியோரம் நட்டார்.

நாங்கள் ஓடினோம், குருவியும் போனது. உங்கள் வீட்டில் எல்லோரும் இருக்கிறீர்கள், அடுப்பு எரிகிறது. இருந்தும் அது போய்விட்டது என்றால், தம்பி, அதற்கு உங்கள் வீட்டில் என்ன இல்லாமல் போனது என்று பாருங்கள். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் அது கூடு வைத்தது. சீலிங் அதை மூடிவிட்டது. மண்ணில் குளித்துத்தான் அது இறகைச் சுத்தம் செய்யும். கல் பதித்த முற்றத்தில் ஒரு பிடி புழுதி இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரியது பூச்சி. வளர்ந்த குருவி தானியம் தின்னும், ஆனால் பொரித்து முதல் சில நாட்களுக்குக் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். பயற்றங்கொடியும் முருங்கையும் இல்லாத வளவில், அல்லது அவற்றுக்கு மாதம் ஒருமுறை நஞ்சடிக்கிற வளவில், நீங்கள் மூட்டை மூட்டையாகத் தினை கொட்டினாலும் குஞ்சு பட்டினிதான். தீவனம் வாங்கிக் கொட்டினால் குருவி வரும் என்று கடைக்காரர் சொல்லலாம், நீங்கள் நம்பக் கூடாது.

அப்பாவை நோக வேண்டாம். மழைக்கு ஒழுகாத, பாம்பு வராத வீடு வேண்டும் என்று அவர் நினைத்ததில் பிழையே இல்லை. அவர்களுடைய தலைமுறை எத்தனை தரம் கூரையை இழந்தது என்று எனக்குத் தெரியும். கல்லை முழுக்கக் கிளப்பச் சொல்லவில்லை. கிணற்றடிப் பக்கம் ஒரு பாய் விரிக்கிற அளவு மண்ணைத் திறந்து விடுங்கள். அதன் ஓரத்தில் ஒரு முருங்கை. இரண்டு மூன்று மண் முட்டிகள் வாங்கி, வாயை மூடி, பக்கவாட்டில் ஒன்றேகால் அங்குலத் துளை போட்டு, பூனைக்கு எட்டாத உயரத்தில் விறாந்தைக் கூரையின் கீழ் கட்டுங்கள். அந்த அளவுத் துளைக்குள் மைனா நுழையாது. ஒன்றை மட்டும் கட்டாதீர்கள், அவை கூட்டமாக இருந்து பழகியவை. முதல் ஆண்டு ஒன்றும் வராமல் போகலாம், அதற்காகக் கழற்றிவிடாதீர்கள். வந்தால் திகதியைக் கலண்டரில் குறியுங்கள்.

தீவனக் கேள்வி மிச்சம் நிற்கிறது. ஒன்றும் வாங்க வேண்டாம். உங்கள் வீட்டில் சுளகு இன்னும் இருக்கிறதா? அம்மா அரிசி புடைக்கிறவரா, பக்கெட் அரிசியா? அதை எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா