மருந்து ஊற்றியும் தாடை வீங்குகிறதா? வெள்ளாட்டின் கீழ் இமையைப் பாருங்கள்

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் 40 வெள்ளாடுகளை மேய்ச்சலில் வளர்க்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் 5 மில்லி அல்பெண்டசோல் ஊற்றிவிடுகிறோம். ஆனாலும் ஐப்பசி மழைக்குப் பிறகு ஐந்தாறு ஆடுகளுக்குத் தாடையில் நீர் கோத்து வீங்குகிறது. இரண்டு குட்டிகள் இறந்துவிட்டன. கழிச்சலே இல்லை. மருந்து போலியா? மாதம் ஒருமுறை ஊற்றினால் சரியாகுமா? இதற்குத் தடுப்பூசி வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே? வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இந்தப் புழு தொற்றுமா?

பதில்: மருந்து போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மாதம் ஒருமுறை ஊற்றும் எண்ணத்தை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். ஓரிரு வருடத்தில் அந்த மருந்து உங்கள் பட்டியில் முழுவதும் பலிக்காமல் போவதற்கு அதுதான் நேர்வழி.

மழை முடிந்ததும் தாடை வீக்கம், வெளிறிய கண், கழிச்சல் இல்லாத மெலிவு. இவை மூன்றும் சேர்ந்தால் முதல் சந்தேகம் ஹீமாங்கஸ் என்ற வயிற்றுப்புழு மீதுதான். ஆட்டின் நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் உருண்டைப்புழு இது. பெண்புழு 2 முதல் 3 செ.மீ. நீளம் இருக்கும். ரத்தம் நிரம்பிய சிவப்புக் குடலின் மேல் வெள்ளைக் கருப்பை சுற்றிக்கொண்டிருப்பதால், சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல்போலத் தெரியும். இறந்த ஆட்டின் நான்காம் வயிற்றை மருத்துவர் திறந்தால் உள்சுவரில் இந்த நூல்கள் நெளிவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். நீங்களாகத் திறக்க வேண்டாம். திடீரென இறந்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் வடிந்திருந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கக்கூடும். அந்த உடலை யாருமே அறுக்கக் கூடாது.

ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தத்தை வீணாக்குகிறது. 5,000 புழுக்கள் இருந்தால் 250 மில்லி. 25 கிலோ ஆட்டின் உடலில் மொத்தமே ஏறத்தாழ 1.75 லிட்டர் ரத்தம்தான். ரத்தத்தோடு புரதமும் போய்விடுவதால் ரத்தக்குழாய்க்குள் நிற்க வேண்டிய நீர் வெளியே கசிந்து, தலை தாழ்த்தி மேயும் ஆட்டின் தாடைக்கடியில் சேர்கிறது. அதனால்தான் அந்த வீக்கம் சாயங்காலம் பெரிதாகவும் காலையில் வற்றியும் தெரிகிறது. இந்தப் புழு தனியாக இருக்கும்போது கழிச்சல் வராது. புழுக்கை கெட்டியாகவே விழும். ‘கழிச்சல் இல்லை, அதனால் புழு இல்லை’ என்று நினைத்துப் பலர் ஏமாறுவது இங்கேதான்.

அந்த 5 மில்லி கணக்கு

கடையில் பரவலாகக் கிடைக்கும் அல்பெண்டசோல் திரவம் 2.5 சதவீதம். அதாவது மில்லிக்கு 25 மி.கி. நீங்கள் ஊற்றும் 5 மில்லியில் 125 மி.கி. மருந்து இருக்கிறது. 25 கிலோ ஆட்டுக்கு அது கிலோவுக்கு 5 மி.கி. ஆகிறது, செம்மறிக்கு உரிய அளவு அது. வெள்ளாட்டின் உடல் இந்த மருந்தைச் செம்மறியைவிட வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும். எனவே அதற்குக் குறைந்தது இரு மடங்கு, கிலோவுக்கு 10 மி.கி. தேவை. 25 கிலோ ஆட்டுக்கு 10 மில்லி. 35 கிலோ கிடாவுக்கு 14 மில்லி. புட்டியில் 10 சதவீதம் என்று போட்டிருந்தால் இந்த அளவில் நான்கில் ஒரு பங்குதான், ஆகவே முதலில் லேபிளைப் படியுங்கள்.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவோம். கொக்கித் தராசில் சாக்குத் தொட்டில் கட்டி நிறுக்கலாம். புட்டியை நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் படிந்திருக்கும். குழாயை வாயின் ஓரமாக நுழைத்து நாக்கின் பின்பகுதிக்கு மேல் விடுங்கள். வாயின் முன்பகுதியில் விட்டால் மருந்து முதல் வயிற்றைத் தாண்டி ஓடி, சீக்கிரம் வெளியேறிவிடலாம். திடகாத்திரமான ஆடுகளை முதல்நாள் இரவு தீவனமில்லாமல் (தண்ணீர் உண்டு) வைத்து மறுநாள் காலையில் கொடுத்தால் மருந்து உள்ளே தங்கும் நேரம் கூடும். சினையாட்டையும் நலிந்த ஆட்டையும் பட்டினி போடக் கூடாது. சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோலே வேண்டாம், கருவுக்குக் கேடு. அங்கே ஃபென்பெண்டசோல் பாதுகாப்பானது.

குறைந்த அளவு ஏன் இவ்வளவு கெடுதல்? அல்பெண்டசோல், புழுவின் செல்லில் இருக்கும் ட்யூபுலின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. அந்தப் புரதத்தின் 200-ஆவது இடத்தில் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கே டைரோசின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்துவிட்டால் மருந்து ஒட்டாது. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்ற புழு முழு அளவையும் தாங்கும். ஒன்றிடமிருந்து மட்டும் பெற்றது முழு அளவில் பெரும்பாலும் செத்துவிடும், பாதி அளவில் பிழைத்துக்கொள்ளும். ஆக, நாலு மாதம் அல்ல, நாலு வருடம் பாதி அளவு ஊற்றிய பட்டியில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த மருந்துக் குடும்பத்தின் முதல் மருந்தான தயாபெண்டசோல் 1961-இல் வந்தது. 1964-இலேயே அதற்கு மசியாத ஹீமாங்கஸ் பதிவாகிவிட்டது.

மருந்து இன்னும் பலிக்கிறதா?

ஊகிக்க வேண்டாம், சோதித்துவிடலாம். கடந்த இரண்டு மாதத்தில் மருந்து பெறாத 10 முதல் 15 ஆடுகளைத் தேர்ந்தெடுத்துக் காதில் அடையாளம் போடுங்கள். ஒவ்வொன்றின் ஆசனவாயிலிருந்து நேரடியாகப் புழுக்கை எடுத்து, காற்றைப் பிதுக்கி வெளியேற்றிய தனித்தனி பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றே ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். வெயிலில் ஒருநாள் கிடந்தால் முட்டைகள் பொரிந்து எண்ணிக்கை குறைந்துவிடும், முடிவே தவறாகிவிடும். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மையங்களிலோ கேளுங்கள். ‘கிராமுக்கு எத்தனை முட்டை’ என்ற எண் வேண்டும் என்று சொல்லுங்கள். ‘புழு இருக்கிறது, இல்லை’ என்ற பதில் இதற்குப் போதாது.

மாதிரி எடுத்த அன்றே எடை பார்த்து, சரியான அளவில் மருந்து கொடுங்கள். 14 நாள் கழித்து அதே ஆடுகளிடம் மீண்டும் மாதிரி எடுங்கள். உதாரணத்துக்கு, முதலில் சராசரி 1,200 முட்டை, பிறகு 400 என்று வந்தால் குறைவு 67 சதவீதம். நன்றாக வேலை செய்யும் மருந்து 95 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டும். 67 என்றால் அந்த மருந்தைத் தனியாக நம்பக் கூடாது.

அப்படியானால் மருத்துவரிடம் கேட்டு வேறு குடும்பத்து மருந்தைச் சேர்க்க வேண்டும். அல்பெண்டசோலிலிருந்து ஃபென்பெண்டசோலுக்கு மாறுவது மாற்றமே அல்ல, இரண்டும் ஒரே குடும்பம். லெவமிசோல், ஐவர்மெக்டின், குளோசாண்டெல் ஆகியவை வேறு வேறு குடும்பங்கள். வருடத்துக்கு ஒரு மருந்தாகச் சுழற்றச் சொன்னது பழைய அறிவுரை. இரண்டு வேறு குடும்ப மருந்துகளை ஒரே நாளில், தனித்தனி ஊசிக்குழலில், ஒவ்வொன்றையும் முழு அளவில் கொடுப்பதே மேல் என்று இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. ஒன்றுக்குத் தப்பும் புழு மற்றதில் சாகும். லெவமிசோலில் எடை பார்க்காமல் இறங்காதீர்கள்; அளவு மிஞ்சினால் எச்சில் ஒழுகி, உடல் நடுங்கும். குளோசாண்டெல் மிஞ்சினால் ஆட்டுக்குக் கண் தெரியாமல் போகும்.

யாருக்கு ஊற்றுவது?

இந்தத் துறையில் கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த பெரிய திருப்பம் இதுதான். ஒரு பட்டியில் உள்ள புழுக்களில் ஏறத்தாழ 80 சதவீதம், 20 முதல் 30 சதவீத ஆடுகளின் வயிற்றில்தான் இருக்கின்றன. எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் பிழைப்பவை மருந்துக்கு மசியாத புழுக்கள் மட்டுமே, அடுத்த தலைமுறை முழுவதும் அவற்றின் வாரிசுதான். நன்றாக இருக்கும் ஆடுகளை மருந்தில்லாமல் விட்டால் அவற்றின் வயிற்றிலுள்ள, மருந்துக்கு மசியும் புழுக்களின் முட்டையும் புல்லில் விழுகிறது. அவை கலந்துகொண்டே இருப்பதால் மசியாத இனம் பெருக நாளாகிறது.

யாருக்குத் தேவை என்பதைச் சொல்வது கீழ் இமை. தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையில் ஐந்து நிறங்கள் இருக்கின்றன: 1 கொவ்வைப்பழச் சிவப்பு, 5 சோற்று வெள்ளை. ஆட்டை வெயிலுக்குத் திருப்பி நிறுத்தி, மேல் இமையைக் கட்டைவிரலால் மூடி, கண்விழியை மெல்ல உள்ளே அழுத்தி, மற்ற விரலால் கீழ் இமையை இழுங்கள். உள்சதை வெளியே பிதுங்கும். அதன் நடுப்பகுதியை உடனே அட்டையோடு ஒப்பிடுங்கள். சில விநாடி பிடித்துக்கொண்டிருந்தாலே நிறம் மாறிவிடும். இரண்டு கண்ணும் வேறுபட்டால் வெளுத்த கண்ணின் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசித் திரையில் அட்டையின் படத்தை வைத்து ஒப்பிட வேண்டாம், திரைக்குத் திரை சிவப்பு மாறும்.

4, 5 என்றால் கட்டாயம் மருந்து. வெள்ளாட்டில் 3-க்கும் கொடுப்பது நல்லது. குட்டி, சினையாடு, பால் கொடுக்கும் தாய் என்றால் 3-இல் தயங்கவே கூடாது. 1, 2-ஐ விட்டுவிடுங்கள். கோடையில் இமையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். ஐப்பசி முதல் தை வரை வாரம் ஒருமுறை, முடியாவிட்டால் இரு வாரத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். ஒரு நோட்டில் ஆட்டுக்கு ஒரு வரி எழுதிவாருங்கள். ஒரு மழைக்காலத்தில் மூன்று முறைக்கு மேல் மருந்து கேட்ட ஆட்டை விற்றுவிடுங்கள், அதன் கிடாக்குட்டியை இனத்துக்கு வைக்காதீர்கள். புழுவைத் தாங்கும் திறன் ஓரளவு பரம்பரையில் வருவது.

அட்டை தவறும் இடங்களும் உண்டு. தூசியிலோ நோயிலோ கண் சிவந்திருந்தால் சோகை மறைந்துபோகும். ஏரி, வாய்க்கால் ஓரம் மேயும் ஆட்டுக்கு ஈரல் தட்டைப்புழுவாலும் இதே வெளுப்பும் தாடை வீக்கமும் வரும்; அதற்கு மருந்து வேறு. பேனும் உண்ணியும் நிறைந்த ஆடும் வெளுக்கும். இளங்குட்டிக்கு ரத்தக் கழிச்சல் என்றால் அது பெரும்பாலும் காக்சிடியா என்ற குடல் நுண்ணுயிரி, குடற்புழு மருந்து அதைத் தொடாது.

இமை சோற்று வெள்ளையாக இருக்கும் ஆட்டைத் துரத்திப் பிடிக்காதீர்கள், ஓடும்போதே விழுந்து சாகலாம். நிழலில் கட்டி, மருந்தோடு கடலைப் பிண்ணாக்கும் அகத்தியும் கொடுங்கள். இழந்த புரதம் திரும்பினால்தான் வீக்கம் வற்றும்.

மேய்ச்சல்

ஒரு பெண்புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் அது தொற்றும் குஞ்சுப்புழுவாகிப் புல்லின் ஈரத்தில் ஏறும். பெரும்பாலானவை தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்துக்குள்ளேயே இருக்கும். எனவே பனி உலர்ந்த பின் ஓட்டுங்கள், மொட்டையாகும்வரை மேயவிடாதீர்கள். கிளுவை, வேலிக்கருவை, சவுண்டல் என்று தலைக்கு மேலே தழை தின்னும் ஆட்டின் வாய்க்கு இந்தப் புழு எட்டாது. வெள்ளாடு இயல்பில் தழை தின்னி. புல்லில் மட்டும் அடைத்தால்தான் இவ்வளவு பாடு. டோங்கா தீவில் 1990-களில் வெள்ளாட்டு மேய்ச்சலைப் பத்துக் கூறாக்கி, கூறுக்கு மூன்றரை நாள் வீதம் 35 நாளில் ஒரு சுற்று ஓட்டினார்கள். ஈர வெப்பத்தில் குஞ்சுப்புழுக்கள் பசியால் சீக்கிரம் சாவதால் இது பலித்தது. நமக்குப் பத்து வேலி கட்டுவது கடினம். நான்கு கூறாக்கினாலும், மழைக்காலத்தில் ஒரே கூற்றில் ஐந்து நாளுக்கு மேல் நிறுத்தாமல், மற்ற நாட்களைக் கொட்டில் தீவனத்தில் ஓட்டலாம். பச்சைப் புழுக்கையைத் தீவனப்புல்லில் போடாதீர்கள், குவித்து மக்கவைத்துச் சூடேறிய பின் போடுங்கள். சந்தையில் வாங்கிய ஆட்டை இரு வாரம் தனியே கட்டி, இரண்டு குடும்ப மருந்து கொடுத்து, முட்டை எண்ணிக்கை பார்த்த பிறகே பட்டியில் சேருங்கள்.

தடுப்பூசி

கேள்விப்பட்டது உண்மை. ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆய்வு நிறுவனத்தின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த பார்பர்வேக்ஸ், 2014-இல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. புழுவின் குடல்சுவர்ப் புரதத்துக்கு எதிராக ஆட்டின் ரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கும். ரத்தம் குடிக்கும் புழு அதையும் சேர்த்துக் குடித்துப் பட்டினியாகச் சாகும். ஆனால் அது செம்மறிக்கானது. முதலில் மூன்று ஊசி, பிறகு ஆறு வாரத்துக்கு ஒன்று என்று தொடர வேண்டும், ஏனென்றால் புழுவின் குடலுக்குள் ஒளிந்திருக்கும் அந்தப் புரதத்தை ஆட்டின் உடல் இயல்பாகச் சந்திப்பதே இல்லை. அதை எதிர்பார்த்து இந்த மழைக்காலத்தைக் கடத்த வேண்டாம்.

பிள்ளைகள்

ஹீமாங்கஸ் மனிதரில் காணப்படுவது மிக மிக அரிது. பிள்ளைகளைத் தாக்குவது மண்வழி வரும் வேறு மூன்று: உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு. அங்கே கொடுப்பதும் அல்பெண்டசோல்தான், 400 மி.கி. மாத்திரையாக. ஆடுகளில் பார்த்த ட்யூபுலின் மாற்றம் ஹைட்டி, கென்யா நாடுகளில் மனிதச் சாட்டைப்புழுவிலும் கண்டறியப்பட்டிருப்பதால், ஆய்வாளர்கள் இப்போதே மாற்றைத் தேடுகிறார்கள். அல்பெண்டசோலும் ஐவர்மெக்டினும் சேர்ந்த ஒரே மாத்திரைக்கு ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜனவரியில் சாதகமான கருத்து அளித்தது. பூனைகளுக்கான எமோடெப்சைடு என்ற மருந்தைத் தான்சானியாவின் பெம்பா தீவில் சாட்டைப்புழு உள்ளவர்களிடம் சோதித்ததில் நல்ல குணம் தெரிந்தது. நம் வேலூர்ப் பகுதியின் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும், பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி ஊருக்கே மருந்து கொடுத்து மண்வழிப் பரவலை அறுக்க முடியுமா என்று டிவார்ம்3 ஆய்வு நடந்தது.

ஆட்டுப் புட்டியிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் 1 முதல் 19 வயது வரை மாத்திரை இலவசம். 1 முதல் 2 வயதுக்கு அரை மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கலந்து. பெரிய பிள்ளைகள் விழுங்காமல் மென்று தின்ன வேண்டும். பட்டி கூட்டும்போது காலில் செருப்பு, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவல், இவை அவர்களுக்கும் உங்களுக்கும் சேர்த்து.