களரி ஓரத்துக்கு எந்தக் கமரா?

வணக்கம் அக்கா,

நான் படுவான்கரைப் பக்கம். எங்கள் ஊரில் அடுத்த வருசம் வடமோடிக் கூத்து ஒன்று அரங்கேற இருக்கிறது. சட்டம் கொடுப்பதில் (பாத்திரங்களைப் பகிர்ந்து கொடுப்பதில்) இருந்து அரங்கேற்றம் வரை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைக்க ஆசை. பெரியப்பா முந்தி ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவருடைய பழைய நிக்கோன் லென்ஸ் மூன்று என்னிடம் இருக்கின்றன: 28, 50, 105 மில்லிமீற்றர். மூன்றிலும் லென்ஸின் வாயைத் திறந்து மூடுகிற அபர்ச்சர் வளையம் உண்டு. கமராதான் இல்லை. பாவித்த பனசொனிக் ஜிஎச்5 ஒன்று வருகிறது, உள்ளேயே கை நடுக்கத்தைச் சரிசெய்கிற ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது. மற்றது புதுச் சோனி இசட்வி-ஈ10. அதில் அது இல்லை, ஆனால் ஓட்டோ போகஸ் திறம் என்கிறார்கள். சோனியை எடுத்துக்கொண்டு, கமராவை ஆடாமல் தாங்குகிற கிம்பல் ஒன்றும் வாங்கலாமா? பெரியப்பாவின் லென்சுகளுக்கு அடப்டர் போட்டால் போதுமா?

— ஒரு வாசகர், மட்டக்களப்பு

அன்புள்ள தம்பி,

கமராவை இப்போதைக்கு ஒருபக்கம் வையுங்கள். அரங்கேற்ற இரவில் நீங்கள் எங்கே இருக்கப் போகிறீர்கள், அந்த இடத்தில் இருந்து எவ்வளவு தெரிய வேண்டும், இந்த இரண்டையும் முதலில் முடிவெடுங்கள். அதில் இருந்து லென்ஸ் தெரியவரும். லென்ஸ் தெரிந்தால் கமரா தெரிந்த மாதிரி.

கூத்தாடுகிற வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம். நடுவில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரும் மத்தளமும் பிற்பாட்டுக்காரரும். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவார்கள். ட்ரைபொட்டை விரித்து உயர்த்தி வைத்தால் பின்னால் பாய் விரித்திருக்கிற அம்மம்மாமார் ஏசுவார்கள். ஏசுவது நியாயம். கிம்பலைத் தூக்கிக்கொண்டு களரியைச் சுற்றி ஓடினால் ஒரு பக்கத்தை அல்ல, எல்லாப் பக்கத்தையும் மறைப்பீர்கள். அதற்குத் தேவையும் இல்லை. இந்த ஆட்டம் சுற்றியிருக்கிற எல்லோருக்கும் முகம் காட்டும்படி அமைந்தது. வரவில், அதாவது களரிக்குள் முதலில் வருகிற ஆட்டத்தில், அரசன் ஒரு சுற்று வரும்போது உங்கள் முன்னாலும் கட்டாயம் வருவார். முதுகு தெரிகிற நேரத்திலும் கமராவை நிறுத்தாதீர்கள். அரசரின் விரிந்த கரப்புடுப்பு சுழல்வதும் காலடி விழுவதும் பின்னால் இருந்துதான் சில வேளை தெளிவாகத் தெரியும். ஆடுகிறவர் சுற்றட்டும், கமரா ஒரு இடத்தில் இருக்கட்டும். கிம்பலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். லென்ஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் திரும்பச் சமநிலை பார்க்க வேண்டும், விடியும் வரை கையில் சுமக்க வேண்டும் என்பதெல்லாம் அடுத்த காரணங்கள்.

இனி லென்ஸ். களரி ஓரத்தில் இருந்து கூத்தர் ஏறக்குறைய மூன்று மீற்றரில் ஆடுகிறார் என்று வையுங்கள். பெரியப்பாவின் மூன்றிலும் அகலமானது 28. ஜிஎச்5 இல் படம் விழுகிற சென்சர் சிறியது, அதனால் பழைய பிலிம் கணக்குக்கு லென்ஸின் எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். எனவே அந்த 28 அதில் 56 போலத் தெரியும். மூன்று மீற்றரில் மேல்-கீழாக ஒரு மீற்றர் அளவுதான் அடங்கும். முடி தெரிந்தால் கால் தெரியாது. சோனியில் 1.5 மடங்கு, அதனால் 42 போல. அங்கேயும் ஆள் முழுசாக அடங்க மாட்டார். கூத்தில் காலை வெட்டிவிட்டு என்ன ஆவணம்? தாளக்கட்டு முழுக்க அந்தக் காலில் அல்லவா இருக்கிறது!

ஆகவே அரங்கேற்றத்துக்கு அந்தக் கமராவுக்கென்றே செய்த சூம் லென்ஸ் ஒன்று வேண்டும். ஜிஎச்5 என்றால் பனசொனிக்கின் 12-35 எஃப் 2.8 (எஃப் எண் சின்னதென்றால் லென்ஸின் வாய் பெரிது). 12 இல் மூன்று மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 2.4 மீற்றர் உயரம் அடங்கும், 35 இல் முகத்துக்குப் போகலாம். சோனி என்றால் டாம்ரனின் 17-70 எஃப் 2.8. இரண்டிலும் லென்சுக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் உண்டு. கமராவோடு வருகிற சின்ன லென்ஸை நம்பி இரவுக் கூத்துக்குப் போகாதீர்கள். சூம் இழுக்க இழுக்க அதன் வெளிச்சம் குறைந்துகொண்டே போகும்.

ஸ்டெபிலைசேஷன் பற்றி ஒரு விசயம் நன்றாக விளங்க வேண்டும். ஃபோட்டோவில் அது வெளிச்சத்தையும் சம்பாதித்துத் தரும், ஷட்டரைத் தாமதமாக்கலாம். வீடியோவில் அப்படி இல்லை. செக்கனுக்கு 25 ஃபிரேமுக்கு ஷட்டர் 1/50 செக்கன்தான். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் களரியைச் சுற்றிக் கட்டிய லைட்டுகள் மினுங்காமல் இருக்கவும் அதே 1/50 தான் நல்லது. உங்கள் கை நடுக்கத்தை ஸ்டெபிலைசேஷன் எடுக்கும், ஆடுகிறவரின் வேகத்தை அது ஒன்றும் செய்யாது. வெளிச்சம் வேண்டுமென்றால் லென்ஸின் வாயைத்தான் பெரிதாக்க வேண்டும்.

சென்சரை அசைத்துச் சரிசெய்கிற முறை, ஜிஎச்5 இல் இருப்பது, ஒரு இடத்தில் நின்று கையில் பிடித்து எடுப்பதற்கு அருமை. அதை வைத்துக்கொண்டு நடந்தால் அகல லென்சில் படத்தின் மூலைகள் நெளியும். இசட்வி-ஈ10 இல் இருப்பது படத்தின் ஓரத்தை வெட்டி மென்பொருளால் நிமிர்த்துகிற முறை. கோணம் குறுகும். இரவில் 1/50 இல் கை ஆடியதால் வந்த மங்கலை அது எடுக்காது. படம் அசையாமல் நிற்கும், ஆனால் இடையிடையே காரணமில்லாமல் மங்கும். அது பார்க்கிறவரின் கண்ணை உறுத்தும்.

என் தெரிவு ஜிஎச்5, கூடவே அந்த 12-35. பதிவுக்கு நேர வரம்பு இல்லை, நீண்ட பதிவுக்குத் தாங்கும், லென்ஸும் கமராவும் சேர்ந்து நடுக்கத்தை எடுக்கும். 2017 இல் வந்த கமரா. அதன் ஓட்டோ போகஸ் வீடியோவில் முன்னும் பின்னும் தேடி அலையும், இதை மறைக்க மாட்டேன். அதை நிறுத்திவிட்டுக் கையால் பிடியுங்கள். சின்ன சென்சரில் 12, 15 போன்ற அகலத்தில் எஃப் 2.8 இலும் தெளிவின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரிகிற தூரம், போதிய அளவு இருக்கும். கூத்தர் ஓடுவது தெரிந்த வட்டத்தில். கூத்துப் பழகுகிற இரவுகளில் போய்ப் பழகினால் அரங்கேற்றத்துக்கு முதலே உங்கள் விரலுக்குத் தூரம் தெரிந்துவிடும். நீங்கள் தனியாளாகக் கலியாண வீடுகளுக்கும் இதே கமராவைக் கொண்டுபோவதாக இருந்தால் சோனியைச் சொல்லியிருப்பேன்.

பெரியப்பாவின் லென்சுகளை வீணாக்கச் சொல்லவில்லை. அண்ணாவியாரை அவர் வீட்டுத் திண்ணையில் இருத்திக் கதைக்க விடுகிறபோது அந்த 50 ஐப் போடுங்கள். முகம் வருகிற விதத்தைப் பாருங்கள். நிக்கோன் லென்ஸ் சென்சரில் இருந்து 46.5 மில்லிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். ஜிஎச்5 இல் லென்ஸ் பூட்டுகிற வளையம் 19.25 இல் இருக்கிறது. மிச்சம் 27.25 மில்லிமீற்றரை அடைக்கிற வெறும் குழாய்தான் அடப்டர். உள்ளே கண்ணாடி இல்லை, மின்தொடர்பும் இல்லை. அதனால் முடுக்கும்போது கமரா உங்களிடம் லென்ஸ் எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்கும். 50 போட்டால் 50 என்றே கொடுங்கள், 100 என்று கொடுக்காதீர்கள். கூடின எண் கொடுத்தால் ஸ்டெபிலைசேஷன் தேவைக்கு மேல் திருத்தி, கை நடுக்கத்தை விட மோசமாக்கும்.

அடப்டரை வாங்கினதும் இருட்டினபின் கல்லடிப் பாலத்துக்குக் கொண்டுபோங்கள். 28 ஐப் போட்டு, அபர்ச்சரை முழுக்கத் திறந்து, வாவிக்கு அங்கால் தூரத்தில் தெரிகிற லைட் ஒன்றைப் பிடியுங்கள். வளையத்தை முடிவிலி வரை திருப்பியும் அது கூர்மைக்கு வரவில்லை என்றால் குழாய் நீளம் கூடியது, திருப்பிக் கொடுங்கள். முடிவிலிக்குக் கொஞ்சம் முன்னாலேயே கூர்மையாகி, அதைத் தாண்டினால் மங்கினால் குழாய் மயிரளவு குட்டை. அது பரவாயில்லை, வளையத்தில் எழுதியிருக்கிற தூரத்தை மட்டும் நம்பாதீர்கள். பிறகு லென்ஸைப் பிடித்து மெல்ல முறுக்குங்கள். ஆட்டம் இருந்தால் ஃபோகஸ் திருப்பும் ஒவ்வொரு தடவையும் படம் துள்ளும்.

0.71 மடங்கு குறைக்கிற கண்ணாடி உள்ள அடப்டரும் இருக்கிறது. அதில் உங்கள் 50, 36 போலாகி வெளிச்சமும் ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்காக, கூடும். எஃப் 1.8 என்றால் 1.3 அளவுக்கு வரும். ஒற்றை பல்பில் கூத்துப் பழகுகிற இரவுகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் சூம் லென்ஸை வாங்கின பிறகு காசு மிஞ்சினால் மட்டும் அதை நினையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஒலி. கமரா மைக்கை நம்பாமல் அண்ணாவியார் பக்கத்தில் தனி ரெக்கோடர் ஒன்றை வையுங்கள்.

அடப்டருக்குக் காசு கொடுக்க முதல் மூன்று லென்ஸையும் திறந்து, பின்பக்கத்தால் ரோச் அடித்து முன்னால் பாருங்கள். எங்கள் உப்புக்காற்றிலும் ஈரத்திலும் அலுமாரியில் கிடந்த லென்சுக்குள் பூஞ்சணம் சிலந்தி நூல் போலப் படர்ந்திருக்கும். ஓரத்தில் கொஞ்சம் என்றால் பாவிக்கலாம். நடுவில் படர்ந்திருந்தால் களரி லைட் எதிரே வரும்போது படம் முழுக்கப் புகை மூடின மாதிரி வெளிறும். அப்படிப்பட்டதை மற்ற லென்சுகளோடு ஒரே பெட்டியில் வைக்கவும் வேண்டாம். நல்லவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பார்த்துவிட்டு எந்த லென்ஸ் தேறியது என்று எழுதுங்கள், அதற்கேற்ற அடப்டரைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா