யார்க்‌ஷயர் டீ போன்ற விலை குறைந்த பிரிட்டிஷ் டீ நல்லதா என்று சுவைத்து அறிவது எப்படி?

முதலில் பால் விடாமல் பாருங்கள். தேநீரைச் சுவைத்துச் சோதிப்பதற்கான சர்வதேசத் தரமுறையான ஐ.எஸ்.ஓ. 3103-இன்படி 100 மி.லி. கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். கரண்டியில் எடுத்து 'சர்ர்' என்று உறிஞ்சுங்கள். காற்றோடு கலந்தால்தான் மணம் மூக்குக்கு ஏறும். நாக்கைச் சுருக்கென்று பிடிக்கும் துவர்ப்பு நல்ல அறிகுறி. தொண்டையில் தங்கும் வெறும் கசப்பு அல்ல.

இவை அசாம், கென்யத் தேயிலைகளைப் பாலுக்கென்றே கலந்தவை. அதனால் என்னைக் கேட்டால் உண்மையான சோதனை காய்ச்சாத குளிர்ந்த பால் கொஞ்சம் விட்ட பிறகுதான். நிறம் செம்பொன்னாகப் பளிச்சிட வேண்டும். சாம்பல் பூத்தால் தூள் மட்டம். பாலோடு கொதிக்கவைத்துவிட்டால் இதெல்லாம் தெரியவே தெரியாது!

பால் விடாத மீதியை ஆறவிடுங்கள். கலங்கினால் பயப்பட வேண்டாம், திடமான தேயிலைதான் அப்படிக் கலங்கும்.